சிரிப்புக்கு ஆறு அடி

அன்று உப்பளத்தில் இருந்தவர்கள் எட்டுப் பேர். ஒன்று நான். என் பெயர் சென்னியப்பன், பேய்ப் படம் எடுத்தவன். இரண்டு, டைரக்டர் குணசீலன். மூன்று, கேமராமேன் மரியதாஸ். தனக்கு அசிஸ்டெண்ட் வேண்டாம் என்று ஒப்புக்கொண்டுதான் அவர் என்னிடம் வேலைக்கு வந்தார். நான்கு, மேக்கப் தங்கப்பன். ஐந்தும் ஆறும் உப்பளத்து ஆட்கள், ஏழுமலையும் அவன் சம்சாரம் அஞ்சலையும். ஏழு, வேன் டிரைவர் துரைக்கண்ணு. அவனைப் பன்னிரண்டு மணி வரை என்று போட்டுக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு சாப்பாடு வாங்க மரக்காணம் போய்விட்டான். எட்டு, உங்கள் அம்மா வேதவல்லி.

எட்டுதான். ஒன்பதாவதாக ஒருத்தி வெள்ளைப் புடவையில் வரப்பில் நின்றாள் என்று பிற்பாடு சினிமாக்காரர்கள் கதை கட்டினார்கள். அது பொய். நான் எண்ணியிருக்கிறேன்.

உட்காருங்கள் அம்மணி. சொம்பில் தண்ணீர் வைத்திருக்கிறேன், குடியுங்கள். முகத்தைப் பார்க்காமல் பேசுகிறான் கிழவன் என்று தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பெண்பிள்ளைகள் முகத்தைப் பார்த்துப் பேச வராது. பதினான்கு படம் எடுத்தேன், அதில் நடித்த ஒருத்தி முகத்தையும் நேரில் நிமிர்ந்து பார்த்ததில்லை.

நீங்கள் போனில் காட்டினதைப் பார்த்தேன். இவ்வளவு சின்னதாக என் படத்தை நான் பார்த்ததே இல்லை. உப்புக் குவியலுக்குமேல் உங்கள் அம்மாவின் முகம் மட்டும் தெரிகிறது. கடைசியில் லேசாகச் சிரிக்கிற மாதிரி இருக்கிறது. "இதுதானா அந்தச் சிரிப்பு?" என்று கேட்டீர்கள். தங்கப்பன் சொல்லித்தான் வந்தேன் என்றீர்கள். தங்கப்பன் இன்னும் இருக்கிறானா? நல்லது. அப்படியென்றால் எட்டில் இன்று இரண்டு பேர்.

பதில் சொல்கிறேன். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் கணக்கு புரியும்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. குமாரபாளையத்திலிருந்து பதினேழு வயதில் கோடம்பாக்கம் வந்தேன். கேமரா வாடகைக்கு விடுகிற இடத்தில் லோடர் வேலை கிடைத்தது. கறுப்புப் பைக்குள் இரண்டு கையையும் விட்டு, கண்ணால் பார்க்காமல், விரலால் தடவியே ஃபிலிமை மாட்ட வேண்டும். வெளிச்சம் பட்டால் எல்லாம் போயிற்று. எட்டு வருஷம் அதைத்தான் செய்தேன். டப்பாவைக் கையில் தூக்கிப் பார்த்தால் போதும், உள்ளே எத்தனை அடி என்று சொல்லிவிடுவேன். இரண்டு அடி முன்னே பின்னே ஆகும், அதற்கு மேல் ஆகாது.

பெரிய கம்பெனிகளில் ஒரு ரோல் நானூறு அடி என்றால், முந்நூறு அடி ஓடியதும் அடுத்ததை மாட்டிவிடுவார்கள். மிஞ்சிய துண்டு ஒரு மூலையில் கிடக்கும். அந்தத் துண்டுகளை வாங்கிச் சேர்த்துத்தான் நான் படம் எடுக்க ஆரம்பித்தேன். நூற்றைம்பது அடி, எழுபது அடி, சில சமயம் நாற்பது. என் பதினான்கு படமும் மற்றவர்கள் மிச்சம் வைத்ததில் எடுத்தவை. எவன் படமோ முடியாமல் நின்ற இடத்தில் என் பேய் வந்து நிற்கும்.

ஏன் பேய் என்று எல்லாரும் கேட்பார்கள். பேய்க்குக் கால்ஷீட் வாங்க வேண்டாம், அதனால்தான். யார் முகமாக இருந்தாலும் பேய் பேய்தான். ஒரு பாழடைந்த வீடு, ஒரு கொலுசு, ஒரு கதவு. "கிணற்றுக்குள் கொலுசு" பதினேழு நாளில் முடித்தேன். "நிழலுக்கு நகம்" பதினான்கே நாள். ஒரு வேடிக்கை சொல்கிறேன், என் படங்களில் இரவில் எடுத்த காட்சி ஒன்றுகூடக் கிடையாது. இரவு என்றால் ஜெனரேட்டர் வேண்டும், விளக்கு வேண்டும், ஆள் வேண்டும். நான் உச்சி வெயிலில் எடுப்பேன். கேமராவுக்கு முன்னால் நீலக் கண்ணாடி போட்டால் வெயில் நிலவாகிவிடும். மரியதாஸ் கிண்டல் செய்வார்.

"மொதலாளி, உங்க படத்துல மட்டுந்தான் பேய்க்கு வேர்க்குது."

"தொடைச்சுட்டு எடுங்க" என்பேன். அவ்வளவுதான் நான் பேசுவது.

இனி அந்தச் சிரிப்பு. சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு. செத்த மாதிரி ஒருவர் நடித்தால், ஷாட் முடிந்ததும் அதே ஆளைக் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வைத்து ஒரு துண்டு எடுத்துவிட வேண்டும். படத்தில் சேர்க்க மாட்டோம். ஆனால் எடுத்தாக வேண்டும். கேமராவுக்கு முன்னால் செத்தவர் கேமராவுக்கு முன்னாலேயே எழுந்து சிரித்துவிட்டால் தோஷம் கழிந்தது என்று அர்த்தம். பெரிய நடிகரோ, கூட்டத்தில் விழுந்து கிடக்கிறவரோ, எல்லாருக்கும் உண்டு.

நாலு விநாடி சிரித்தால் ஆறு அடி. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் எடுக்காமல் விட்டதில்லை. உங்கள் அம்மா நடித்தது என் பன்னிரண்டாவது படம். அதற்கு முந்தின பதினொன்றில் முப்பத்தோரு பிணம். முப்பத்தோரு சிரிப்பு. எல்லாவற்றையும் வெட்டி ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், அதோ அலமாரியில். வேண்டுமானால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கழுத்தில் கயிற்றுத் தடத்தோடு ஒருவர் சிரிப்பார். நெற்றியில் ரத்தத்தோடு ஒரு கிழவி, வாய்நிறைய வெற்றிலையோடு சிரிப்பாள். அதில் உங்கள் அம்மா இல்லை. தேட வேண்டாம்.

படத்தின் பெயர் "உப்பிலிருந்து வந்தவள்". ஊரார் ஒரு பெண்ணைக் கொன்று உப்புக் குவியலில் புதைத்துவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்துத் தோண்டினால் முகம் அழுகாமல் அப்படியே இருக்கிறது. அந்த முகத்தைக் கேமரா மெல்ல நெருங்கிப் போக வேண்டும், முப்பது விநாடி. அதுதான் படத்தின் உயிர் என்று குணசீலன் சொன்னார். பத்து நிமிஷ வேலை என்றும் சொன்னார்.

உங்கள் அம்மாவைச் சாலிக்கிராமத்திலிருந்து தங்கப்பன்தான் கூட்டி வந்தான். காலையில் வேனில் அவர் பேசிக்கொண்டே வந்தார். பின்சீட்டில் உட்கார்ந்து நான் கேட்டுக்கொண்டே வந்தேன். மூன்று வயதில் ஒரு மகள் இருக்கிறாள், பக்கத்து வீட்டில் விட்டு வந்திருக்கிறேன், கீரை சாப்பிட மாட்டேன் என்கிறாள், இதெல்லாம். கீரை சாப்பிடாத அந்தப் பிள்ளை நீங்கள்தானே.

அக்னி நட்சத்திரத்தில் பதினாறாம் நாள் அது. உப்பு ஆட்கள் விடிகாலையில் இறங்கி ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் கரையேறிவிடுவார்கள். எங்களுக்கு வெயில் வேண்டும், அதனால் அவர்கள் ஏறின பிறகு நாங்கள் இறங்கினோம். பத்து இருபதுக்கு ஏழுமலையும் அஞ்சலையும் உங்கள் அம்மாவைக் கழுத்து வரைக்கும் உப்பில் மூடினார்கள். கை உள்ளே, கால் உள்ளே. முகத்தில் தங்கப்பன் ஒன்றரை மணி நேரம் வேலை செய்திருந்தான். புருவத்தில் உப்பு, உதட்டில் உப்பு, ஒவ்வொரு பொடியாகப் பசை வைத்து ஒட்டினது. அழகான வேலை.

அன்றைக்கு என்னிடம் இருந்த துண்டு நூற்று எண்பது அடி. கேமராவில் கோர்க்க ஒன்பது போயிற்று.

முதல் டேக் பதினொன்று ஐந்துக்கு. முப்பத்தாறு அடி ஓடும்போது ஒரு காக்கை குறுக்கே பறந்து நிழல் விழுந்துவிட்டது. கட். உங்கள் அம்மா தண்ணீர் கேட்டார். அது முதல் தடவை.

"உதட்டுல தண்ணி பட்டா உப்பு கரைஞ்சிரும் வேதா. திரும்ப ஒன்றரை மணி நேரம் ஒட்டணும். கொஞ்சம் பொறுத்துக்கடி" என்றான் தங்கப்பன். அவன் சொன்னது நியாயம்.

ஒரு மேகம் வந்து மறைத்தது, போகட்டும் என்று காத்திருந்தோம். இரண்டாவது டேக் பதினொன்று நாற்பதுக்கு. முப்பத்து மூன்று அடியில் இமை ஆடியது. கட். இரண்டாவது தடவை தண்ணீர் கேட்டார். குணசீலன் சிரித்துக்கொண்டே, "வேதா, நீ செத்து ஆறு மாசம் ஆச்சு. செத்தவங்களுக்குத் தாகம் எடுக்காது" என்றார். எல்லாரும் சிரித்தோம். உங்கள் அம்மாவும் சிரித்தார். அப்போது கேமரா ஓடவில்லை.

அஞ்சலைதான் சிரிக்கவில்லை. அவள் நேராக என்னிடம் வந்து, "ஐயா, புள்ளைய வெளிய எடுங்க. இந்நேரத்துல நாங்களே நிக்க மாட்டோம். உப்பு உள்ள வெச்சே வேக வெச்சிரும்" என்றாள். அவளுக்குச் சினிமா தெரியாது. நடுவில் எடுத்தால் குவியல் கலைந்துவிடும், முந்தின காட்சியோடு பொருந்தாது. அதை அவளுக்கு எப்படிச் சொல்வது? நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் போய் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். புடவை வெளுத்த புடவைதான். ஒன்பதாவது ஆள் என்று கதை கட்டினது இவளைப் பார்த்துத்தானோ என்னவோ.

பன்னிரண்டு மணிக்கு வேனைச் சாப்பாட்டுக்கு அனுப்பினேன். எட்டுச் சாப்பாடு.

மூன்றாவது டேக் பன்னிரண்டு இருபத்தைந்துக்கு. நன்றாகப் போயிற்று. நாற்பத்தோராவது அடியில் தொண்டை ஏறி இறங்கியது. எச்சில் விழுங்கிவிட்டார். விழுங்க எச்சில் இருந்திருக்காது, அசைவுதான். அதுவும் போயிற்று. மூன்றாவது தடவை தண்ணீர் கேட்டார். பிறகு, தண்ணீர் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டு, குணசீலனைத் தாண்டி என்னைப் பார்த்துக் கேட்டார். நேராக என்னிடமே கேட்டார். அதுவரை என் படத்தில் நடித்த யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"மொதலாளி, சிரிப்பு எடுத்துருவீங்கல்ல?"

நான் கேமராப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எனக்குத் தோஷமெல்லாம் பெருசில்ல மொதலாளி. எம் பொண்ணு இருக்கா. நாளைக்கு இந்தப் படத்தப் பாத்தா அம்மா செத்துட்டான்னு பயந்துரும். சிரிப்புலேருந்து ஒரு துண்டு வெட்டிக் குடுங்க. இங்க பாரு, அம்மா சாகல, சிரிக்கிறேன்னு அதுகிட்ட காட்டணும்."

நான் மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். ஒன்பது, முப்பத்தாறு, முப்பத்து மூன்று, நாற்பத்தொன்று. நூற்றுப் பத்தொன்பது போக அறுபத்தொன்று இருந்தது. ஷாட்டுக்கு நாற்பத்தைந்து என்று வைத்தாலும் பதினாறு மிஞ்சும். சிரிப்புக்கு ஆறு. கணக்கு எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே சொன்னேன்.

"ஒரே டேக்ல முடிச்சுக் குடும்மா. மிச்சம் இருந்தா எடுக்கலாம்."

ஒரு பெண்ணிடம் படப்பிடிப்பில் நான் நேராகப் பேசினது அந்த ஒரு வாக்கியம்தான்.

தண்ணீர் அப்படியே இருக்கிறதே அம்மணி. குடியுங்கள். வெயிலில் வந்திருக்கிறீர்கள்.

நாலாவது டேக் பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்கு. என்ன சொல்வேன் போங்கள். நாற்பத்து நான்கு அடி, ஒரு அசைவு கிடையாது. இமை ஆடவில்லை, தொண்டை ஆடவில்லை. கண் பாதி திறந்திருந்தது, அதில் ஈ வந்து உட்கார்ந்தது, அப்போதும் ஆடவில்லை. அப்படி ஒரு நடிப்பை என் முப்பத்தோரு பிணத்திலும் நான் கண்டதில்லை. குணசீலன் கைதட்டினார். மரியதாஸ் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "ஓகே" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்கள். உங்கள் அம்மா மட்டும் ஓகே சொன்ன பிறகும் அப்படியே இருந்தார். பாருங்கள், எவ்வளவு ஈடுபாடு.

ஒரு மணிக்கு உப்பைத் தள்ளி வெளியே எடுத்தார்கள். மொத்தம் இரண்டு மணி நாற்பது நிமிஷம் உள்ளே இருந்திருக்கிறார். நான் குறித்து வைத்திருக்கிறேன். உடம்பு நெருப்பாகக் கொதித்தது, ஆனால் ஒரு சொட்டு வேர்வை இல்லை என்று அஞ்சலை சொன்னாள். மரியதாஸ் சொன்னது நினைவுக்கு வந்தது. என் படத்தில் முதல்முதலாக வேர்க்காத பேய்.

தங்கப்பன்தான் பதறினான். "சிரிப்ப எடுத்துருங்க மொதலாளி. இப்பிடியே விட்டா ஆகாது. மரியதாஸண்ணே, கேமராவ இங்க திருப்புங்க. ஏய் வேதா, இங்க பாருடி. வேதா. ஒம் பொண்ணு கீரை திங்க மாட்டேன்னுச்சுன்னியே, அதச் சொல்லு. சிரிடி."

மரியதாஸ் கேமராவைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் உங்கள் அம்மாவின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கால் பெருவிரல் லேசாக இழுத்துக்கொண்டிருந்தது. "எழுந்து உட்காரட்டும்" என்றேன். உட்காரவில்லை. "படுத்தபடியே எடுத்துடலாம் மொதலாளி, ஆறு அடிதான்" என்றார் மரியதாஸ். சிரிக்காத முகத்துக்கு ஆறு அடி எதற்கு? வேண்டாம் என்று தலையாட்டினேன்.

வேன் ஒன்று ஐம்பதுக்கு வந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேர மூன்று மணி. நாலு பத்துக்கு முடிந்துவிட்டது. டாக்டர் ஒரு காகிதத்தில் காரணம் எழுதிக் கொடுத்தார். எனக்கு ஆங்கிலம் தெரியாது. மடித்து வைத்துக்கொண்டேன். அதைத்தான் உங்கள் அப்பாவிடம் கொடுத்தேன். அவரும் படிக்காதவர்.

சினிமாக்காரர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? சிரிப்பு எடுக்காமல் விட்டான், அதனால்தான் போய்விட்டாள் என்றார்கள். சிரிப்பு எடுக்காத கம்பெனி என்று எனக்குப் பெயர் வந்தது. அதற்குப் பிறகு இரண்டு படம் எடுத்தேன், செத்து நடிக்க ஒருவரும் வரவில்லை. கடைசிப் படத்தில் வெறும் பாயை விரித்து, அதன்மேல் மாலையைப் போட்டு, இதுதான் பிணம் என்று எடுத்தேன். யார் பார்ப்பார்கள்? அதோடு முடிந்தது.

ஆனால் "உப்பிலிருந்து வந்தவள்" நாற்பத்தோரு நாள் ஓடியது. விழுப்புரத்தில் ஒரு தியேட்டர் ஆபரேட்டர் எழுதியிருந்தார். ஒரு இடத்தில் ஜனங்கள் அலறுகிறார்கள், செத்தவள் சிரிக்கிறாள் என்கிறார்கள், நீங்களே வந்து பாருங்கள் என்று. என் படத்தை அதுவரை நான் தியேட்டரில் பார்த்ததில்லை. கூட்டம் என்றால் எனக்குக் கூச்சம். அன்றைக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அந்த ஷாட் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு எண்ணினேன். இருபத்து நான்காவது விநாடியில் அலறல். மறு ஆட்டமும் இருந்தேன். அதே இருபத்து நான்கு.

வீட்டுக்கு வந்து நாலாவது டேக்கைப் பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தேன். ஒரு அடிக்குப் பதினாறு கட்டம். நாற்பத்து நான்கு அடிக்கு எழுநூற்று நான்கு. எழுநூற்று நான்கையும் பார்த்தேன். ஒன்றிலும் சிரிப்பு இல்லை அம்மணி. உதடு வறண்டு நடுவில் பிளந்து, இரண்டு ஓரமும் பின்னால் இழுத்துக்கொண்டு போகிறது. பல் தெரிகிறது. அவ்வளவுதான்.

ஆக, நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில். அது சிரிப்பு இல்லை. அந்தத் துண்டை நீங்கள் இவ்வளவு வருஷம் சிரிப்பு என்று வைத்திருந்தால், அது உங்கள் பாடு, நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் கேட்டால் கணக்கைச் சரியாகச் சொல்ல வேண்டும், இல்லையா?

என்ன கேட்டீர்கள்? மெதுவாகப் பேசுகிறீர்கள், காது கேட்கவில்லை. தண்ணீர் எத்தனை தடவை கேட்டார் என்றா? மூன்று தடவை. அதுதான் சொன்னேனே. பதினொன்று ஐந்து டேக்குக்குப் பிறகு ஒன்று, பதினொன்று நாற்பதுக்குப் பிறகு ஒன்று, பன்னிரண்டு இருபத்தைந்துக்குப் பிறகு ஒன்று. காலையில் வேனிலிருந்து இரண்டு குடம் இறக்கி வைத்திருந்தோம். ஒரு குடத்தை நாங்கள் தொடவே இல்லை.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? சொம்பு அப்படியே இருக்கிறது. மூன்றாவது தடவையாகச் சொல்கிறேன், ஒரு வாய் குடித்துவிட்டுப் போங்கள்.

சரி, நில்லுங்கள். ஒன்று காட்டுகிறேன். இந்த ஃபிரிட்ஜில் நான் காய்கறி வைப்பதில்லை. இந்த டப்பாவுக்காகத்தான் முப்பத்தோரு வருஷமாக ஓடுகிறது. கறுப்புக் காகிதத்தில் சுற்றி, வெளிச்சம் படாமல் வைத்திருக்கிறேன். மறுநாள் ஒரு கதவு ஆடுகிற ஷாட்டுக்கு வேண்டும் என்று எடுத்து வைத்தேன். அந்த ஷாட்டை எடுக்கவே இல்லை. கையை நீட்டுங்கள். எடை தெரிகிறதா? ஒன்றும் தெரியாது, இறகு மாதிரி இருக்கும். இதில் யாரும் இல்லை. உங்கள் அம்மா இல்லை, பேய் இல்லை, ஒரு உருவமும் பதியவில்லை.

மிச்சம் இருந்தால் எடுக்கலாம் என்று சொன்னேன். மிச்சம் இருந்தது. அந்த ஒன்றில்தான் நான் தவறிவிட்டேன், மற்ற எதிலும் அன்றைக்கு நான் குறை வைக்கவில்லை. யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். உங்கள் அம்மா கேட்டது ஆறு அடி. டப்பாவில் இருப்பது பதினேழு.